அமெரிக்க முடக்கம்: திரும்பி வரும் பணம் யார் கைக்கு வருகிறது?

செலவுக்கு நாடாளுமன்றம் பணம் ஒதுக்காமல் அமெரிக்க அரசு அலுவலகங்கள் முடங்கும் ஒவ்வொரு முறையும் பொருளாதாரப் பக்கங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "இழந்ததில் பெரும்பகுதி அடுத்த காலாண்டிலேயே திரும்பிவிடும்." 2013இல் 16 நாள் முடங்கியபோது சொன்னார்கள். 2018 டிசம்பர் 22 முதல் 2019 ஜனவரி 25 வரை 35 நாள் முடங்கியபோதும் சொன்னார்கள். 2025 அக்டோபர் 1இல் தொடங்கி நவம்பர் 12 வரை 43 நாள் இழுத்த முடக்கத்திலும் அதையே சொன்னார்கள். இதைப் பொய் என்று ஒதுக்கிவிட முடிந்தால் நிம்மதியாக இருக்கும். முடியவில்லை, ஏனென்றால் கணக்கு சரிதான். 2018-19 முடக்கத்தால் தள்ளிப்போன, இல்லாமல்போன உற்பத்தி மொத்தம் 1,100 கோடி டாலர் என்றும், அதில் என்றைக்கும் திரும்பாதது சுமார் 300 கோடி என்றும் நாடாளுமன்ற பட்ஜெட் அலுவலகம் மதிப்பிட்டது. ஆண்டுக்கு 20 லட்சம் கோடி டாலருக்கு மேல் உற்பத்தி செய்யும் நாட்டில் இது 0.02 சதவீதம். 2025 முடக்கத்துக்கு அதே அலுவலகம் முன்கூட்டியே மூன்று கணக்குகள் போட்டது: நான்கு வாரம் என்றால் 700 கோடி, ஆறு வாரம் என்றால் 1,100 கோடி, எட்டு வாரம் என்றால் 1,400 கோடி நிரந்தர இழப்பு. நடந்தது ஆறு வாரத்தைக் கொஞ்சம் தாண்டியது. பெரிய தொகைதான், ஆனால் 30 லட்சம் கோடி டாலர் பொருளாதாரத்தில் இதுவும் கண்ணில் படாத புள்ளி.

என் வாதம் தொகையைப் பற்றியதே இல்லை. பணம் போனது ஒருவர் பையிலிருந்து, திரும்பி வந்தது வேறொருவர் பைக்கு. தேசிய மொத்தத்தில் இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. அந்தக் கழித்தலைத்தான் "மீண்டது" என்று எழுதுகிறார்கள்.

இடையில் ஒரு விஷயம். இப்படிக் கதவடைப்பது அமெரிக்காவிலும் பழைய வழக்கமில்லை. ஒதுக்கீடு இல்லாமல் செலவு செய்யக்கூடாது என்ற சட்டம் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. இருந்தாலும் 1970களில் ஒதுக்கீட்டு மசோதா தாமதமானபோதெல்லாம் அலுவலகங்கள் சிக்கனமாக ஓடிக்கொண்டுதான் இருந்தன. 1980இலும் 1981 தொடக்கத்திலும் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி கொடுத்த இரண்டு சட்டக் கருத்துகள்தான் உயிரையும் உடைமையையும் காக்கும் வேலைகளைத் தவிர மற்றதெல்லாம் நிற்க வேண்டும் என்று ஆக்கின. இந்தியாவில் செலவு மசோதா மக்களவையில் தோற்றால் அமைச்சரவை வீட்டுக்குப் போகும், அலுவலகம் மூடாது. அங்கே அதிபரும் நாடாளுமன்றமும் அவரவர் நாற்காலியில் இருப்பார்கள், குமாஸ்தாவும் துப்புரவுத் தொழிலாளியும் வீட்டுக்குப் போவார்கள்.

ஜிடிபி கணக்குக்குள் நடப்பது

ஒரு காருக்குச் சந்தை விலை உண்டு. இறைச்சிக்கூடத்தில் ஆய்வாளர் செய்யும் ஒரு மணி நேர வேலைக்குச் சந்தை விலை கிடையாது. அதனால் அரசு சேவையின் மதிப்பை, அதைத் தர ஆகும் செலவை வைத்தே தேசியக் கணக்கில் எழுதுவார்கள். அதில் பெரும்பங்கு சம்பளம். முடக்கத்தில் கட்டாய விடுப்பில் போனவர்களின் வேலை நேரத்தைப் பொருளாதாரப் பகுப்பாய்வுப் பணியகம், விலை ஏற்றத்தை நீக்கிக் கணக்கிடும் "உண்மை உற்பத்தி"யிலிருந்து கழித்துவிடும். ஆனால் சம்பளத்தைக் கழிக்காது, ஏனென்றால் அது பின்னால் வந்துவிடும். முன்பெல்லாம் ஒவ்வொரு முடக்கத்துக்குப் பிறகும் தனியாகச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். 2019 ஜனவரியில் நிறைவேறிய சட்டம் அதை நிரந்தர உறுதியாக்கியது. (2025இல் வெள்ளை மாளிகை அந்த உறுதியையே கேள்விக்குள்ளாக்கிப் பார்த்தது வேறு கதை. முடக்கத்தை முடித்த மசோதாவில் சம்பளத்தை வெளிப்படையாக எழுதி வாங்க வேண்டியதாயிற்று.)

விளைவு விசித்திரமானது. சம்பளம் அதே தொகை, வேலை நேரம் குறைவு. ஆகவே அந்தக் காலாண்டில் மத்திய அரசு சேவையின் "விலை" ஏறியதாகப் புத்தகம் காட்டும். 2013 நான்காம் காலாண்டிலும் 2019 முதல் காலாண்டிலும் ஆண்டு வீதத்தில் 0.3 சதவீதப் புள்ளி வளர்ச்சி இப்படித்தான் போனது. அடுத்த காலாண்டில் எல்லோரும் மேசைக்குத் திரும்பினால், பழைய நிலைக்கு வந்ததே வளர்ச்சியாக எழும்பித் தெரியும். ஊடகம் "துள்ளல்" என்று எழுதும். வேலை செய்யாமல் போன மணிகள் திரும்பவில்லை, அளவுகோல் மட்டும் பழைய இடத்துக்கு வந்திருக்கிறது. 2013இல் மட்டும் அப்படிப் போனது 66 லட்சம் பணிநாள். செய்யாத வேலைக்காக அரசு கொடுத்த சம்பளம் சுமார் 200 கோடி டாலர். செலவைக் குறைக்கிறோம் என்று நடத்திய சண்டையில் ஒரு காசு மிச்சமில்லை.

இன்னொரு பக்கம் பாருங்கள். 2018-19இல் பாதிக்கப்பட்ட 8 லட்சம் ஊழியர்களில் சுமார் 3.8 லட்சம் பேர் விடுப்பில் இருந்தார்கள். மீதி 4.2 லட்சம் பேர் சம்பளமில்லாமல் தினமும் வேலைக்குப் போனார்கள்: விமான நிலையச் சோதனையாளர்கள், சிறைக் காவலர்கள், கடலோரக் காவல்படையினர். அவர்கள் வேலை செய்ததால் ஜிடிபியில் அவர்கள் பங்கு முழுதாக ஏறிவிட்டது. பெட்ரோல் போடக் காசில்லாமல் வேலைக்கு வந்தவர் கணக்கின்படி எதையும் இழக்கவில்லை. விடுப்பில் இருந்தவர் மாநில அரசிடம் வேலையின்மை உதவித்தொகை கேட்கலாம், நிலுவைச் சம்பளம் வந்ததும் திருப்பிக் கட்ட வேண்டும். முழு நேரம் வேலை செய்துகொண்டே சம்பளம் வாங்காதவருக்குப் பொதுவாக அதுவும் கிடையாது.

ஆனாலும் நிரந்தர ஊழியர்கள் சமாளித்துவிடுகிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2013 முடக்கத்தின்போது வங்கிக் கணக்குத் தரவுகளை எடுத்துப் பார்த்த பொருளாதார அறிஞர்கள் கண்டது இது: கையில் சில நாள் செலவுக்கே பணம் வைத்திருந்தவர்கள்கூட வீட்டுக்கடன் தவணையைச் சலுகைக் காலத்தின் கடைசி நாள்வரை தள்ளினார்கள், கடன் அட்டை பாக்கியைக் கொஞ்சம் வைத்துக்கொண்டார்கள், பெரிய அபராதமின்றிக் கடந்தார்கள். அரசு ஊழியர்களுக்கான கடன் சங்கங்களில் பல, வட்டியில்லாமலும் முன்பணம் கொடுத்தன. சம்பளம் நிச்சயம் வரும் என்று கடன் கொடுப்பவருக்கும் தெரியும்.

நிலுவை இல்லாதவர்கள்

அந்த நிச்சயம் இல்லாதவர் அதே கட்டடத்தில் தரை துடைப்பவர். காவலாளி, கேண்டீன் சமையல்காரர், அஞ்சல் அறைப் பணியாளர் எல்லோரும் பெரும்பாலும் காண்ட்ராக்ட் ஆட்கள். இவர்களுக்கு நிலுவைச் சம்பளம் தரும் சட்டம் இல்லை. 2019இல் அதற்கான மசோதா செனட்டில் அறிமுகமானது, நிறைவேறவில்லை. ஒப்பந்தத்துக்கு ஏற்கெனவே பணம் ஒதுக்கப்பட்டிருந்தாலும் தப்பிக்க முடியாது. கட்டடம் பூட்டியிருந்தால் உள்ளே போய் வேலை செய்ய முடியாது. வேலையை ஏற்றுக் கையெழுத்துப் போட வேண்டிய அதிகாரி விடுப்பில் இருந்தால் பில் நகராது. நிறுவனம் முதலில் ஊழியரின் சேர்த்துவைத்த விடுப்பைக் கழிக்கும், அது தீர்ந்தால் சம்பளமில்லா விடுப்பு. பெரிய நிறுவனங்கள் ஆளை வேறு வேலைக்கு மாற்றும். பத்து பேர் வைத்திருக்கும் சின்ன நிறுவனத்துக்கு மாற்ற வேறு வேலை இருக்காது. நல்ல ஆள் இரண்டு வாரத்தில் வேறிடம் போய்விடுவார், கதவு திறந்த பிறகு பயிற்சியை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அலுவலகத்தைச் சுற்றியுள்ள கடைகளின் நிலையும் இதே. அக்டோபர் 7ஆம் தேதி சாப்பிடாத மதிய உணவை நவம்பரில் யாரும் இரண்டாகச் சாப்பிடமாட்டார்கள். பிரிட்ஜ் வாங்குவதைத் தள்ளிப்போடலாம், முடி வெட்டுவதை ஓரளவு தள்ளலாம், சாப்பாடும் பேருந்துப் பயணமும் சுற்றுலாவும் போனால் போனதுதான். 2013இல் தேசியப் பூங்காக்களை மூடியபோது அவற்றைச் சுற்றியுள்ள ஊர்களில் பார்வையாளர் செலவு 41.4 கோடி டாலர் குறைந்ததாகப் பூங்காத் துறையே பின்னர் கணக்கிட்டது. அரிசோனா மாநிலம் பொறுக்க முடியாமல் ஏழு நாளுக்கு 6.51 லட்சம் டாலர் தன் கையிலிருந்து கட்டி கிராண்ட் கேன்யனைத் திறந்தது. 2018-19இல் பாடம் கற்றதாக நினைத்து, ஆள் இல்லாமல் வாசலை மட்டும் திறந்துவைத்தார்கள். குப்பை மலிந்தது, கழிப்பறைகள் வழிந்தன, ஜோஷுவா ட்ரீ பூங்காவில் மரங்களே சேதமாயின.

ஏழைகளின் உணவு உதவித் திட்டமான ஸ்னாப் 2025இல் முதல்முறையாக நேரடியாக அடிபட்டது. 4.2 கோடி பேருக்கு மாதம் 800 கோடி டாலருக்கு மேல் போகும் திட்டம். அவசர நிதியில் எடுக்கக்கூடியதாக இருந்ததோ சுமார் 465 கோடி. ரோட் ஐலண்டிலும் மாசசூசெட்ஸிலும் நீதிமன்றங்கள் தலையிட்டன. நவம்பர் தொடக்கத்தில் சில மாநிலங்களில் முழுத்தொகை அட்டையில் ஏறியது, சிலவற்றில் பாதி, சிலவற்றில் ஒன்றுமில்லை. இந்தப் பணம் கைக்கு வந்த ஓரிரு வாரத்திலேயே மளிகைக் கடைக்குப் போய்விடும். பொருளாதாரம் மந்தமாக இருக்கும்போது ஒரு டாலர் ஸ்னாப் சுமார் ஒன்றரை டாலர் வருமானத்தை உருவாக்கும் என்பது வேளாண் துறையின் சொந்தக் கணக்கு. தொகை பின்னால் வந்துவிட்டது, ஆகவே மொத்தத்தில் "மீண்டது". வாடிக்கையாளர் வராததால் அழுகிய காய்கறியைக் கொட்டிய கிராமத்துக் கடைக்காரருக்கு அது பொருந்தாது.

பணத்தைவிட அனுமதி நிற்பது பல இடங்களில் பெரிய தொல்லை. வெள்ள அபாயப் பகுதியில் வீட்டுக்கடன் வாங்க வெள்ளக் காப்பீடு கட்டாயம். மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டத்தின் அதிகாரம் 2025 செப்டம்பர் 30 நள்ளிரவோடு காலாவதியானதால் புதுப் பாலிசி நின்றது. விவரம் தெரிந்த முகவர்கள், விற்பவர் பெயரில் ஏற்கெனவே ஓடும் பாலிசியை வாங்குபவர் பெயருக்கு மாற்றிப் பத்திரத்தை முடித்தார்கள். தெரியாதவர்களுக்குப் பதிவு தள்ளிப்போனது, உறுதிசெய்த வட்டி விகிதத்தின் கெடுவும் ஓடிக்கொண்டிருந்தது. சிறுதொழில் நிர்வாகம் உத்தரவாதம் தரும் கடன்களுக்குப் புது ஒப்புதல் கிடையாது. 2018-19இல் பீர் லேபிளுக்கு அனுமதி தரும் அலுவலகம் மூடியதால் சிறு மதுவாலைகள் காய்ச்சிய புது பீரைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு நின்றன.

காலியாகக் கிடக்கும் ஒரு மாதம்

2025 முடக்கத்தில் பலரும் போகிறபோக்கில் கடந்துபோன ஒன்று எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகப் படுகிறது. 1948இலிருந்து இடைவெளி விடாமல் மாதாமாதம் வெளியான அமெரிக்க வேலையின்மை விகிதத்தில் 2025 அக்டோபர் என்ற கட்டம் காலி. அந்த எண் தாமதமாகக்கூட வராது, வரவே வராது.

காரணம், தரவு சேகரிக்கும் முறையிலேயே இருக்கிறது. நிறுவனங்களிடம் எத்தனை பேருக்குச் சம்பளம் கொடுத்தீர்கள் என்று கேட்கும் கணக்கெடுப்பைப் பின்னாலும் செய்யலாம். ஏடு இருக்கிறது, புரட்டிப் பார்த்துச் சொல்வார்கள். அதனால் அக்டோபர் வேலை எண்ணிக்கை நவம்பருடன் சேர்ந்து டிசம்பர் 16 அன்று வந்துவிட்டது. வேலையின்மை விகிதம் வருவது வீடுகளில் கேட்கும் இன்னொரு கணக்கெடுப்பிலிருந்து. மாதத்தின் 12ஆம் தேதி அடங்கும் வாரத்தில் வேலை செய்தீர்களா, வேலை தேடினீர்களா என்று அடுத்த வாரமே கேட்க வேண்டும். ஒரு மாதம் கழித்துக் கேட்டால் நினைவு நம்பத்தக்கதல்ல. விலை விஷயமும் அப்படியே. கடை அலமாரியில் அக்டோபர் 15 அன்று என்ன விலை ஒட்டியிருந்தது என்று நவம்பர் கடைசியில் போய்ப் பார்க்க முடியாது. ஆகவே அக்டோபர் நுகர்வோர் விலைக் குறியீடும் ரத்தானது.

அதோடு விட்டிருந்தால் ஒரு கட்டம் காலி என்று முடிந்திருக்கும். ஆனால் வாடகைக் கணக்கு அதோடு முடிய விடவில்லை. குறியீட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குடியிருப்புச் செலவு. அதற்காக மாதிரி வீடுகளை ஆறு குழுவாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மட்டும் கேட்பார்கள். ஏப்ரலில் கேட்ட வீடுகளை மறுபடி அக்டோபரில் கேட்க வேண்டும். அக்டோபரில் கேட்க ஆளில்லை. தொழிலாளர் புள்ளிவிவரப் பணியகம் பழைய எண்ணையே முன்னோக்கி இழுத்துக்கொண்டது. அதாவது அந்த மாதம் வாடகை அசையவே இல்லை என்று கணக்கு எடுத்துக்கொண்டது. நவம்பர் விலை சேகரிப்பும் மாத நடுவில்தான் தொடங்கியது, ஆகவே மாதக் கடைசித் தள்ளுபடி விலைகள் அதிகம் பதிவாக வாய்ப்பிருந்தது. டிசம்பர் 18 அன்று வந்த எண்: ஓராண்டுப் பணவீக்கம் 2.7 சதவீதம். செப்டம்பரில் அது 3.0. விலைவாசி தணிந்ததா, கேட்காத வாடகை தணித்துக் காட்டியதா என்பதை அந்த எண்ணை மட்டும் வைத்துப் பிரிக்க வழியில்லை. அந்த வீடுகளைத் திரும்பக் கேட்கும் முறை 2026 ஏப்ரலில்தான். அதுவரை ஓராண்டுப் பணவீக்கத்தின் ஒவ்வொரு எண்ணிலும் அந்தப் பூஜ்யம் உட்கார்ந்திருந்தது.

பணவீக்கத்தோடு அசல் ஏறும் அரசுக் கடன்பத்திரங்களுக்கு அக்டோபர் குறியீடு தேவைப்பட்டது. கருவூலம், குறியீடு வராவிட்டால் முந்தைய பன்னிரண்டு மாதப் போக்கை வைத்து நிரப்பலாம் என்று விதிப்புத்தகத்தில் எப்போதோ எழுதிவைத்த மாற்றுச் சூத்திரத்தை எடுத்துப் பயன்படுத்தியது. மத்திய வங்கியான பெடரல் ரிசர்வ் டிசம்பர் 9-10 கூட்டத்தில் வட்டியைக் கால் சதவீதம் குறைத்து 3.50-3.75 ஆக்கியபோது அக்டோபர், நவம்பர் வேலை அறிக்கைகள் அதன் மேசையில் இல்லை. இதெல்லாம் 1,100 கோடி இழப்பில் எந்த வரியில் சேரும்? எதிலும் சேராது. முடக்கத்தின் சேதத்தை அளக்க வேண்டிய அளவுகோலையே முடக்கம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகும் "பெரும்பகுதி திரும்பிவிடும்" என்று இரண்டு தசமத் துல்லியத்தில் பேசுவது எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே படுகிறது.

எப்போது முடிகிறது

35 நாள் முடக்கத்தின் கடைசி நாளான 2019 ஜனவரி 25 காலையில் வாஷிங்டன் வட்டாரத்திலும் புளோரிடாவின் ஜாக்சன்வில்லிலும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டு மையங்களில் சிலர் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்தார்கள். பெரிய கூட்டமில்லை, பத்துப் பேர் அளவில்தான். நியூயார்க்கின் லகார்டியா விமான நிலையத்துக்கு வரும் விமானங்கள் சிறிது நேரம் நிறுத்தப்பட்டன, கிழக்குக் கடற்கரை முழுக்கத் தாமதம். அன்றைக்கே உடன்பாடு அறிவிக்கப்பட்டது. 2025இல் நவம்பர் 7 முதல் 40 பெரிய விமான நிலையங்களில் விமானங்களை 4 சதவீதத்திலிருந்து தொடங்கிப் படிப்படியாகக் குறைக்க உத்தரவு போனது. நவம்பர் 9, ஞாயிறு, ஒரே நாளில் 2,000க்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்து. அன்றிரவு செனட்டில் 60-40 என்ற வாக்கெடுப்பில் வழி பிறந்தது. விமானம் ஒன்றுதான் காரணம் என்று சொல்லமாட்டேன். ஸ்னாப் வழக்குகளும் சம்பளமில்லா ஊழியர் சங்கத்தின் அழுத்தமும் சேர்ந்தே இருந்தன. ஆனாலும் துப்புரவுப் பணியாளரின் ஐந்தாவது வாரம் செய்யாததை வணிகப் பயணியின் ரத்தான டிக்கெட் மூன்று நாளில் செய்தது என்பதை இரண்டு முறை பார்த்தாகிவிட்டது.

அடுத்த முறை பார்க்க வேண்டியது

"அரசு முடங்கியது" என்று தலைப்பு வந்தால் முதலில் கேட்க வேண்டியது, எந்தத் துறைக்கு ஒதுக்கீடு நிறைவேறாமல் நிற்கிறது என்பதை. மொத்தம் 12 ஒதுக்கீட்டு மசோதாக்கள். 2018-19இல் தொழிலாளர் துறைக்கான மசோதா முன்பே நிறைவேறியிருந்தது, 2013இலும் 2025இலும் நிறைவேறவில்லை. அங்கே வேலை பார்க்கும் நம்மூர்க்காரர்களுக்கு இந்த வேறுபாடு உயிர்நாடி. எச்-1பி என்ற வேலை விசாவுக்கான மனுவை வாங்கும் குடியுரிமைத் துறை விண்ணப்பக் கட்டணத்தில் ஓடுவதால் திறந்தே இருக்கும். ஆனால் மனுவோடு வைக்க வேண்டிய எல்சிஏ என்ற சம்பளச் சான்று தொழிலாளர் துறையிலிருந்து வர வேண்டும். சாதாரண நாளில் ஏழு வேலைநாளில் வரும் அந்தத் தாள், 2025 அக்டோபர் 1இலிருந்து மாதக் கடைசிவரை வரவில்லை. வேலை மாற நினைத்தவர்கள் பழைய கம்பெனியிலேயே காத்திருந்தார்கள். எல்சிஏ, விசா நீட்டிப்பு இரண்டையுமே ஆறு மாதம் முன்னதாகப் போடலாம் என்பதால், அக்டோபர் முதல் மார்ச் வரை காலாவதியாகிறவர்கள் செப்டம்பர் 30க்குள் எல்சிஏவைக் கையில் வாங்கிவைப்பது நல்லது. முடக்கத்தால்தான் கெடு தவறியது என்று நிரூபித்தால் தாமத மனுவைப் பரிசீலிப்பதாகக் குடியுரிமைத் துறை சொல்கிறது, அதிகாரியின் விருப்பத்துக்கு உட்பட்டு.

கிரீன் கார்டுக்கு முதல் படியாகத் தொழிலாளர் துறையிடம் நிறுவனம் போடும் பெர்ம் விண்ணப்பத்தில் சிக்கல் இன்னும் கூர்மை. வேலை விளம்பரங்கள் வெளியாகி 180 நாளுக்குள் விண்ணப்பம் போக வேண்டும், இணையதளம் மூடியிருந்தால் அதற்குள் போட முடியாமல் போகலாம். எச்-1பியின் ஆறாவது ஆண்டு முடிவதற்கு 365 நாள் முன்பே பெர்ம் போட்டிருந்தால்தான் ஏழாவது ஆண்டு நீட்டிப்பு சிக்கலின்றிக் கிடைக்கும். இந்த இரண்டு கெடுவில் எதுவாவது அக்டோபரில் விழுகிறது என்றால், வக்கீலிடம் ஆகஸ்டிலேயே பேசிவிட வேண்டும்.